பெண்கள் மேனேஜராக உயர: எந்த ஏற்பாட்டில் முதலில் கை வைப்பது?

ஊழியர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். டீம் லீட் வரிசைக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் மேலே விரல்விட்டு எண்ணிவிடலாம். பல நிறுவனங்களில் இதுதான் நிலை. இந்தக் கணக்கை நிர்வாகக் கூட்டத்தில் யாராவது திரையில் போட்டுக் காட்டியதும் "ஏதாவது செய்யணும்" என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமே மனிதவளத் துறையின் மேசையில் யோசனைகள் குவிந்துவிடும். பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி, எல்லோருக்கும் விழிப்புணர்வு வகுப்பு, மூத்தவர் ஒருவரைத் துணைக்கு வைப்பது, வீட்டிலிருந்து வேலை, கூடுதல் விடுப்பு, பதவி உயர்வு விதிகளைத் திருத்துவது, இத்தனை சதவீதம் என்று இலக்கு வைப்பது. எதையும் தப்பான யோசனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வருடத்தில் கையில் இருக்கும் பணம், ஆள், பொறுமை மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். எதை முதலில் எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு எதையாவது கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்த வேண்டும். அதையும் முதல் மேனேஜர் பதவிக்கான தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொரு யோசனையாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் படியிலேயே தேங்குகிறது

மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் பெண்களின் முன்னேற்றத்துக்காக இயங்கும் லீன்இன் அமைப்பும் சேர்ந்து 2015 முதல் ஆண்டுதோறும் வட அமெரிக்க நிறுவனங்களின் கணக்கைத் திரட்டி வெளியிடுகின்றன. 2018 அறிக்கையின்படி, 100 ஆண்கள் முதல்முறையாக மேனேஜர் ஆனபோது, அதே விகிதக் கணக்கில் 79 பெண்கள்தான் ஆனார்கள். இடையில் அது 87 வரை ஏறியது. 2024 அறிக்கையில் மறுபடி 81. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் இந்த நிறுவனங்கள் பயிற்சிக்கும் பிரசாரத்துக்கும் கொஞ்சமாகவா செலவு செய்தன?

முதல் படியில் நின்றுபோனவரின் பெயர் இரண்டாம் படிக்கான பட்டியலில் வரவே வராது. அதனால் மேலே போகப் போக "தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை" என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்லவும் இல்லை. பட்டியலில் உண்மையிலேயே பெயர் இல்லை. அந்தப் பெயர்கள் ஐந்து வருடத்துக்கு முன்பே கீழே தங்கிவிட்டன.

அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அது முதல் படியைத் தொடுகிறதா? ஆரம்பித்து வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் நடக்குமா? கூடுதல் சுமை யார் தலையில் விழுகிறது? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பெண்களுக்காகக் கொண்டுவரும் பல திட்டங்கள் கடைசியில் பெண்களுக்கே இன்னொரு வேலையாக முடிகின்றன.

பயிற்சி, விழிப்புணர்வு வகுப்பு

மிகச் சுலபமாக ஒப்புதல் கிடைப்பது பெண்களுக்கான தலைமைப் பயிற்சிக்குத்தான். வெளியிலிருந்து ஆள் வருவார், இரண்டு நாள் நடக்கும், சான்றிதழ் தருவார்கள். யாருடைய அதிகாரமும் குறையாது. தன்னம்பிக்கையோடு பேசுவது, சம்பளம் கேட்டு வாங்குவது, மீட்டிங்கில் குரலை உயர்த்துவது என்று பாடங்கள் இருக்கும். குறை பெண்களிடம்தான் இருக்கிறது என்ற எண்ணம் இந்தப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் வட அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில் ஏறக்குறைய 30,000 பேரின் மதிப்பீடுகளை ஆராய்ந்தார்கள். செய்த வேலைக்கான ரேட்டிங்கில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிட மேலே இருந்தார்கள். "எதிர்காலத்தில் எவ்வளவு வளர்வார்" என்ற ரேட்டிங்கில் மட்டும் கீழே. பதவி உயர்வு வாய்ப்பும் சுமார் 14 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் கணிசமான பங்குக்கு இந்த இரண்டாவது ரேட்டிங்தான் காரணம். வளர்ச்சி ரேட்டிங்கில் ஆண்களுக்குச் சமமாக வைக்கப்பட்ட பெண்கள், பிறகு அந்த ஆண்களைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். கணிப்பு தவறியது என்று அடுத்த வருடமே தெரிந்தது. அப்படியும் அடுத்த கணிப்பு திருந்தவில்லை.

வேலையில் குறை இல்லாதவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? பயிற்சிக்கு ஒரு இடம் உண்டு, மறுக்கவில்லை. பதவி கிடைத்த முதல் ஆறு மாதத்தில் பட்ஜெட் போடுவது, குழுவில் ஒருவரின் குறையை நேரில் சொல்வது, ஆளை வேலைக்கு எடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியவைதான். அது ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும்.

எல்லோரையும் உட்காரவைத்து "நம் மனசுக்குள் இருக்கும் பாரபட்சம்" பற்றி எடுக்கும் வகுப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலேவ், எரின் கெல்லி 2006இல் வெளியிட்ட ஆய்வு 708 அமெரிக்கத் தனியார் நிறுவனங்களின் முப்பது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. மேலாண்மையில் பெண்களின் பங்கைக் கூட்டுவதில் மிகக் குறைவான பலன் தந்தவற்றில் இந்த வகுப்பும் ஒன்று. வழிகாட்டி ஏற்பாடுகளுக்குச் சுமாரான பலன். இதற்கென்று ஒருவரையோ ஒரு குழுவையோ பொறுப்பாக்கிய இடங்களில்தான் நல்ல பலன். அந்த இடங்களில் மற்றத் திட்டங்களும்கூட முன்பைவிட நன்றாக நடந்தன. இதைக் கடைசியில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

வழிகாட்டியா, பெயரைச் சொல்லும் ஆளா?

மூத்தவர் ஒருவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார், அறிவுரை சொல்வார். இது வழிகாட்டி ஏற்பாடு. இன்னொரு வகை, கதவு மூடிய அறையில் "இந்த வேலையை அவருக்குக் கொடுங்கள், நான் பொறுப்பு" என்று உங்கள் பெயரைச் சொல்லும் ஆள். ஸ்பான்சர் என்கிறார்கள். செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பலனில்தான் பெரிய வித்தியாசம். ஹெர்மினியா இபாரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா 2010இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. பெண்களுக்கு வழிகாட்டிகள் போதுமான அளவு இருந்தார்கள். பதவி உயர்வு மட்டும் ஆண்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஆண்களின் வழிகாட்டிகள் மேல்மட்டத்தில் இருந்தார்கள், அவர்களுக்காகப் பேசவும் செய்தார்கள்.

பேச்சுப் பழக்கத்தால் பதவி கிடைப்பது வெறும் வதந்தி இல்லை. ஸோயி கல்லன், ரிக்கார்டோ பெரஸ்-ட்ருக்லியா இருவரும் ஆசியாவின் பெரிய வங்கி ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண் மேனேஜருக்குக் கீழே போன ஆண்கள், பெண் மேனேஜருக்குக் கீழே போன ஆண்களைவிடச் சீக்கிரம் உயர்ந்தார்கள். பெண்களுக்கு மேனேஜர் ஆணா பெண்ணா என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. புகைபிடிக்கும் ஊழியர்கள் புகைபிடிக்கும் மேனேஜருக்குக் கீழே போனபோதும் வேகமாக உயர்ந்தார்கள். வேலையின் தரம் கூடியதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. இடைவேளையில் சேர்ந்து நின்ற நேரம் கூடியிருந்தது, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இடைவேளைக்கு அழைக்கப்படாதவர் எத்தனை வருடம் தன் வேலையில் குறை தேடிக்கொண்டிருப்பார்!

எனவே இரண்டில் ஒன்று என்றால் ஸ்பான்சர் ஏற்பாடுதான். ஒரு நிபந்தனை உண்டு. "யாரை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளுங்கள்" என்று மூத்தவர்களிடம் விட்டுவிட்டால் அவர்கள் தங்களைப் போன்ற ஒருவரைத்தான் பிடிப்பார்கள். ஆளுக்கு இருவர் என்று நிறுவனமே பிரித்துக் கொடுக்க வேண்டும். "அவரை எந்தப் பெரிய வேலைக்குப் பரிந்துரைத்தீர்கள்?" என்று வருட முடிவில் கேட்க வேண்டும். எத்தனை முறை சந்தித்தார்கள் என்ற கணக்கால் ஒன்றும் தெரியாது.

இதன் பலவீனமும் தெளிவானது. எல்லாம் ஒரு ஆளை நம்பி நிற்கிறது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அவருடைய வார்த்தையும் போய்விடும்.

தேர்வு முறையைத் திருத்துவது

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்கிறேன். வெளியே காட்டிக்கொள்ள இதில் எதுவும் இல்லை, மேடையில் எடுத்த போட்டோ கிடைக்காது. அதனால்தானோ என்னவோ இது பட்டியலின் அடியிலேயே கிடக்கிறது.

ஒரு பதவி உயர்வுக் கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மேசையில் நாலைந்து அப்ரைசல் தாள்கள். ஒருவரைப் பற்றிப் பேச்சு வருகிறது: "கொஞ்சம் அவசரக்காரர்தான். பொறுப்பைக் கொடுத்தா கத்துக்குவார்." அடுத்த தாள் ஒரு பெண்ணுடையது: "வேலை ரொம்ப சுத்தம். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், பக்குவம் வரணும்." எந்த விஷயத்தில் பக்குவம் என்று யாராவது கேட்டால் அறையில் பதில் இருக்காது. மூன்றாவது தாள்: "குழந்தை சின்னது, இந்தப் பதவியில அலைச்சல் இருக்கு, அவங்களுக்கே கஷ்டம்." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சம்பந்தப்பட்டவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலைச்சல் அவருக்குச் சம்மதமாக இருந்திருக்கலாம், வீட்டில் ஏற்பாடு இருந்திருக்கலாம். அவர் வாழ்க்கையின் ஒரு முடிவை அவர் இல்லாத அறையில் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவர் வழக்கம்போல வந்து வேலை செய்வார், இப்படி ஒரு பேச்சு நடந்ததே அவருக்குத் தெரியாது.

இந்த அறையை மாற்ற என்ன செய்யலாம்? மேசைக்கு எந்தப் பெயர்கள் வருகின்றன என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். விருப்பம் உள்ளவர்கள் கையைத் தூக்கட்டும் என்று விட்டால், தூக்கத் தயங்குகிறவர் பட்டியலுக்கே வரமாட்டார். இத்தனை வருட அனுபவம், இந்த அளவு ரேட்டிங் உள்ள எல்லோருடைய பெயரும் தானாகவே பட்டியலில் வரட்டும், வேண்டாம் என்பவர் மட்டும் விலகிக்கொள்ளட்டும் என்று மாற்றிப் பார்க்கலாம். ஜாய்ஸ் ஹி, சோனியா காங், நிக்கோலா லாசெட்டேரா 2021இல் வெளியிட்ட ஆய்வில், போட்டியில் சேர்வதை இப்படித் தலைகீழாக்கியபோது ஆண் பெண் வித்தியாசம் சுருங்கியது. யாருக்கும் தைரியம் சொல்லிக்கொடுக்கவில்லை. படிவத்தில் கேள்வி கேட்ட விதம்தான் மாறியது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் பெயரும் இந்தப் பட்டியலில் வரும் என்பது இதன் இன்னொரு நன்மை. விடுப்பில் இருப்பவரை மறந்துபோவதுதான் வழக்கம்.

அடுத்து அளவுகோல். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பெயர்கள் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நாலைந்து வரி போதும்: எத்தனை பேரை வழிநடத்திய அனுபவம், எந்த மாதிரிச் சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டும், எந்தத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். பெயரைப் பார்த்த பிறகு எழுதினால், அளவுகோல் பிடித்தவருக்கு ஏற்றபடி வளைந்துகொள்ளும். "வளர்ச்சித் திறன்" என்று தனிக் கட்டம் இருந்தால் எடுத்துவிடலாம். எடுக்க மனம் வராவிட்டால், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அதற்கு ஆதாரமான ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லலாம். சம்பவம் எழுத வராதபோது எண்ணும் தானாகவே மாறும்.

கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். "இன்னும் தயாரில்லை" என்ற பேச்சு வரும்போதெல்லாம் "எதில் தயாரில்லை, அதை எப்படி, எப்போது பெறுவார்?" என்று அவர் கேட்க வேண்டும். ஆண், பெண் இருவர் விஷயத்திலும் கேட்க வேண்டும். பதிலை எழுதி, கிடைக்காமல் போனவருக்குக் கொடுக்க வேண்டும். "நன்றாகச் செய்கிறீர்கள், தொடருங்கள்" என்று கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அடுத்த வருடம் என்ன செய்வது என்றே தெரியாது.

அன்றாட வேலைப் பங்கீட்டையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மீட்டிங் குறிப்பு எடுப்பது, பிரிவுபசாரத்துக்கு ஏற்பாடு செய்வது, புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது, யாரும் எடுக்காத குழுவில் உறுப்பினராவது. யாராவது செய்துதான் ஆக வேண்டிய வேலைகள், ஆனால் பதவி உயர்வுத் தாளில் ஒரு வரி கூடத் தராதவை. லிண்டா பாப்காக்கும் மூன்று ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்குப் பெண்கள் தாமாக முன்வந்தது 48 சதவீதம் அதிகம். யாரையாவது கேட்கச் சொன்னபோது பெண்களைக் கேட்டது 44 சதவீதம் அதிகம். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் இந்த வித்தியாசமே இல்லை. ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஒருவர் செய்துவிடுகிறார். அறையில் ஒரு பெண் இருந்தால் எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். இதற்குத் தீர்வு "முடியாது என்று சொல்லப் பழகுங்கள்" என்பதில்லை. முடியாது என்று சொன்ன பெண்ணுக்கு வேறு பெயர் வைப்பார்கள். சுழற்சி முறையில் பெயர் போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். ஒரு பைசா செலவில்லை.

தேர்வு முறையைத் திருத்துவது முதல் படியை நேராகத் தொடுகிறது. ஆரம்பித்தவர் போனாலும் படிவமும் விதியும் இருக்கும். சுமை பெண்கள் தலையில் விழாது, முடிவெடுப்பவர்கள் தலையில் விழும். இதற்கு வரும் எதிர்ப்பும் அங்கிருந்துதான் வரும். நல்ல ஆளைப் பார்த்தவுடனே தெரியும் என்று பல வருடம் நம்பி வந்த மேனேஜரிடம், ஆதாரத்தை எழுதுங்கள் என்று கேட்கிறோம். அவர் முகம் சுளிப்பார். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

நேரமும் விடுப்பும்

நேரத்தில் தளர்வு கொடுத்தால் பெண்கள் தங்குவார்கள். இதில் சந்தேகமில்லை. உயர்வார்களா என்பது வேறு கேள்வி. சீனாவின் ஒரே பயண நிறுவனத்தில் நடந்த இரண்டு சோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். நிக்கோலஸ் ப்ளூமும் மற்றவர்களும் 2015இல் வெளியிட்ட முதல் ஆய்வில், கால் சென்டர் ஊழியர்கள் வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே அளவு நன்றாக வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு குறைந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் இல்லை. 2024இல் வெளியான இரண்டாவது ஆய்வில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு. வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, குறிப்பாகப் பெண்களிடம். பதவி உயர்வில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

ஆகவே முழுநேரமும் வீடு என்பதைவிட, எல்லோருக்கும் பொதுவாக இரண்டு நாள் என்பது பாதுகாப்பானது. "எல்லோருக்கும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அம்மாக்களுக்கு மட்டும் என்று வைத்தால், சலுகை வாங்கியவர் என்ற முத்திரை அவர்கள் தாளில் ஏறிவிடும். அதேசமயம், சமமாகக் கொடுத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குழந்தை பிறந்தால் பேராசிரியர்களின் நிரந்தரப் பதவிக்கான கெடுவை அம்மா, அப்பா இருவருக்கும் நீட்டித்தார்கள். ஹீதர் ஆன்டெகால், கெல்லி பெடார்ட், ஜெனா ஸ்டெர்ன்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்குப் பிறகு ஆண்களுக்குப் பதவி கிடைப்பது கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. அந்தக் கூடுதல் நேரத்தில் ஆண்கள் அதிக ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த ஏற்பாடு செய்தாலும் பிறகு யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் விடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மேனேஜர் வேலையையே திருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் திரும்பத் திரும்பச் சொல்வது இது: எந்நேரமும் கூப்பிட்டால் வர வேண்டிய வேலைக்கு அளவுக்கு மீறிய சம்பளம் தரும்போது, வீட்டுப் பொறுப்பு உள்ளவர் அங்கே போக முடிவதில்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று முடிக்கும்படி குறிப்புகள், கோப்புகள், தொடர்புகள் ஒழுங்காக இருந்தால், ஒருவரின் முழு நேரத்தையும் விழுங்கும் அந்த வேலையின் பசி குறையும். இரவு எட்டு மணி மீட்டிங்கை மதியத்துக்கு மாற்றுவது இதன் தொடக்கம்.

இலக்கும் ஒதுக்கீடும்

நார்வே 2003இல் சட்டம் இயற்றி, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலினத்துக்கும் குறைந்தது 40 சதவீத இடம் என்றது. 2008க்குள் நிறுவனங்கள் நிறைவேற்றின. மரியான் பெர்ட்ராண்டும் மற்றவர்களும் இதை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். தகுதி குறையும் என்ற பயம் பொய்த்தது, குழுவுக்கு வந்த பெண்களின் தகுதி முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அதே நிறுவனங்களில் கீழே வேலை செய்த பெண்களுக்கு இதனால் பெரிய நன்மை வந்ததாகத் தெரியவில்லை. மேலே ஊற்றினால் தானாகக் கீழே இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது. இலக்கு வைப்பதாக இருந்தால் முதல் மேனேஜர் வரிசைக்கு வைக்க வேண்டும். தகுதிப் பட்டியலில் 40 சதவீதம் பெண்கள் இருந்தால் தேர்வானவர்களிலும் அதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். இப்படி வைக்கும் இலக்கை எதிர்த்து வாதாடுவது கஷ்டம்.

உங்கள் நிறுவனத்துக்கு எது?

ஐம்பது பேருக்குக் குறைவான இடம் என்றால் சதவீத இலக்கில் அர்த்தமில்லை. ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் எண் தலைகீழாகிவிடும். எழுதிய அளவுகோல், தானாக வரும் பட்டியல், சுழற்சித் தாள் மூன்றும் போதும். அடுத்த தேர்வுக்கு முன்பே முடித்துவிடலாம்.

பெரிய நிறுவனம் என்றால் தேர்வு முறைத் திருத்தத்தோடு ஸ்பான்சர் ஏற்பாட்டையும் சேர்த்து ஆரம்பிக்கலாம். இரண்டாவது வருடம் முதல் படிக்கான இலக்கு. பெண்கள் வேலையை விட்டுப் போவதுதான் உங்கள் பெரிய சிக்கல் என்றால் மட்டும் வரிசையை மாற்றி, நேரத் தளர்வை முன்னால் கொண்டுவாருங்கள். ஆள் தங்கினால்தான் தேர்வு முறை யாருக்காவது உதவும்.

எந்த வழியில் போனாலும் ஒரு பெயர் வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரின் பெயர். எமிலியோ காஸ்டில்லா 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய நிறுவனம் ஊதிய உயர்வு முடிவுகளுக்குப் பொறுப்பாளரை நியமித்து, யாருக்கு எவ்வளவு, ஏன் என்பதை மேலிடத்துக்குத் தெரியும்படி செய்தது. முன்பு ஒரே ரேட்டிங் வாங்கியும் பெண்களுக்குக் குறைவாகக் கிடைத்த நிலை அதற்குப் பிறகு சரியானது. அந்தப் பொறுப்பாளர் மனிதவளத் துறையின் இளநிலை ஊழியராக இருந்தால் வேலைக்கு ஆகாது. துறைத் தலைவர்கள் தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டிய அளவுக்கு மூத்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவர் நாலு எண்களை மேலே கொண்டுபோக வேண்டும்: தகுதிப் பட்டியலில் எத்தனை பெண்கள், கூட்டத்தில் பேசப்பட்டவர்கள் எத்தனை, தேர்வானவர்கள் எத்தனை, கிடைக்காதவர்களில் எழுத்தில் காரணம் பெற்றவர்கள் எத்தனை.